அழிச்சாலும் அழியாது! ஆனா...



நம்ம வகுப்பில் என்னை எல்லோரும் 'கேட்ஜெட் பைத்தியம்' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டில் ரிமோட் வேலை செய்யவில்லை என்றாலும், யார் போனில் இடம் நிறைந்துவிட்டது என்றாலும் "அவன்கிட்ட குடு, பார்ப்பான்" என்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமைதான். அந்தப் பெருமையில் நான் செய்த ஒரு காரியத்தையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம். அதனால் கொஞ்சம் நின்று படியுங்கள்!

நடந்தது என்ன?

எங்கள் மாமா தன்னுடைய பழைய டிஜிட்டல் கேமராவை எனக்குக் கொடுத்தார். அதற்குள் அடாப்டரோடு ஒரு 8 ஜிபி மைக்ரோ எஸ்டி மெமரி கார்டு இருந்தது. என்னிடம் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. அதில் கார்டு சொருகிப் பாட்டுக் கேட்கலாம். உடனே கார்டை எடுத்தேன், கம்ப்யூட்டரில் போட்டேன், ஃபார்மேட் செய்தேன், 40 பாட்டுகளை ஏற்றினேன். எல்லாம் ஐந்தே நிமிஷம்!

சாயங்காலம் அம்மா கேட்டாங்க: "ஏண்டா, அந்தக் கேமராவிலதானே அம்மாச்சி போட்டோ எல்லாம் இருக்கு?"

எனக்குக் கை கால் உதறிவிட்டது. அம்மாச்சி தவறி அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாமாவின் புதுமனை புகுவிழா, அதற்குப் பிறகு வந்த பொங்கல், இரண்டுமே அந்தக் கார்டில்தான் இருந்தன. மாமா காப்பி எடுத்திருப்பார் என்று நான் நினைத்தேன். நான் காப்பி எடுத்துக்கொள்வேன் என்று மாமா நினைத்தார். இரண்டு பேருமே எடுக்கவில்லை!

கடைத்தெருவில் ஒருவரிடம் கேட்டேன். "ஃபார்மேட் பண்ணிட்டா போச்சு தம்பி" என்றார். நம்ம கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டேன். அவர் முதலில் கேட்ட கேள்வியே வேறு: "ஃபார்மேட் பண்ணின அப்புறம் அதுல ஏதாவது ஏத்துனியா?"

ஏன் அப்படிக் கேட்டார்? அதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

மெமரி கார்டு ஒரு நூலகம்

நம்ம பள்ளி நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று, அலமாரியில் புத்தகங்கள். இன்னொன்று, எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் எந்த அடுக்கில் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கும் பதிவேடு.

மெமரி கார்டும் அப்படியேதான். நம்ம போட்டோக்கள் புத்தகங்கள். அவை எங்கே இருக்கின்றன என்று குறித்து வைக்கும் பதிவேட்டுக்கு 'ஃபைல் அலொகேஷன் டேபிள்' என்று பெயர். சுருக்கமாக 'ஃபேட்'. 1977-ல் மைக்ரோசாஃப்டில் உருவான இந்த முறையின் வழிவந்த ஃபேட்32 தான் 32 ஜிபி வரையுள்ள மெமரி கார்டுகளில் இன்றைக்கும் வழக்கமாக இருக்கிறது.

நாம் ஒரு போட்டோவை 'டெலிட்' செய்தால் என்ன நடக்கும்? போட்டோவைக் கம்ப்யூட்டர் தொடவே தொடாது! பட்டியலில் அந்த ஃபைல் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 'இது நீக்கப்பட்டது' என்று ஒரு அடையாளம் போடும். பதிவேட்டில் 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான். புத்தகம் அலமாரியிலேயே இருக்கிறது!

குவிக் ஃபார்மேட் என்பது அதைவிடக் கொஞ்சம் பெரிய வேலை. பழைய பதிவேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுசாக ஒரு வெற்றுப் பதிவேட்டை வைப்பது. அப்போதும் புத்தகங்கள் அலமாரியில்தான் இருக்கும். அதனால்தான் 8 ஜிபி கார்டு சில நொடிகளில் ஃபார்மேட் ஆகிவிடுகிறது. எல்லாவற்றையும் உண்மையாகவே அழிப்பதென்றால் அவ்வளவு சீக்கிரம் முடியுமா? யோசித்துப் பாருங்கள்!

குவிக் என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மேட் செய்தால் கதை வேறு. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அந்த முழு ஃபார்மேட், கார்டு முழுக்கப் பூஜ்யங்களை எழுதிவிடும். நல்லவேளை, எனக்குப் பொறுமை இல்லாததால் குவிக்கையே அமுக்கியிருந்தேன்.

அப்போ எப்போதுதான் அழியும்?

புதுப் புத்தகம் வரும்போது! நூலகர் பதிவேட்டைப் பார்க்கிறார். அது 'இந்த அடுக்கு காலி' என்கிறது. அவர் அங்கே இருக்கும் பழைய புத்தகத்தை அப்புறப்படுத்திவிட்டுப் புதுசை வைத்துவிடுகிறார். அதற்கப்புறம் பழையது கிடைக்கவே கிடைக்காது.

சார் கேட்ட கேள்விக்கு இப்போது அர்த்தம் புரிகிறதா? நான் ஏற்றிய 40 பாட்டும் சுமார் 200 எம்பி. ஒரு போட்டோ சுமார் 3 எம்பி. வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 66 போட்டோக்களின் தலையில் நான் பாட்டை ஏற்றி வைத்திருந்தேன்!

தேடிக் கொடுத்த மென்பொருள்

சார் 'ஃபோட்டோரெக்' என்ற மென்பொருளைக் காட்டினார். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது. முழுக்க இலவசம். யாரும் பயன்படுத்தலாம், அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று திறந்தும் பார்க்கலாம். இப்படி ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியதை ஊருக்கே சும்மா கொடுக்கிறவர்கள் கம்ப்யூட்டர் உலகில் நிறைய இருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் உழைப்பு எங்கள் அம்மாச்சியைத் தேடப்போகிறது என்று நினைத்தபோது ஒரு மாதிரி இருந்தது.

பதிவேடே இல்லாதபோது இது எப்படித் தேடும்? ஒவ்வொரு அடுக்காகப் போய் அட்டையைப் பார்க்கும்! ஒவ்வொரு ஜேபெக் போட்டோவும் 'எஃப்எஃப் டி8 எஃப்எஃப்' என்ற மூன்று பைட்டுகளோடுதான் ஆரம்பிக்கும். அதுதான் அட்டை. அதைக் கண்டதும் "ஆஹா, இங்கே ஒரு போட்டோ தொடங்குது" என்று எடுத்துவிடும். ஃபைலின் பெயர் மட்டும் திரும்பக் கிடைக்காது. அதுவாக ஒரு நம்பர் போட்டு வைக்கும்.

சார் ஒரு எச்சரிக்கையும் செய்தார். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது. சேமித்தால் மீட்கிற வேலையே மிச்சப் படங்களை அழித்துவிடும்! அதனால் கம்ப்யூட்டரில் சேமித்தோம்.

சுமார் கால் மணி நேரம் ஆயிற்று. திரையில் எண்ணிக்கை ஏற ஏற, எனக்கு நெஞ்சு படபடத்தது. கடைசியில் 312 படங்கள் கிடைத்தன!

பொங்கல் படங்கள் எல்லாம் வந்துவிட்டன. அம்மாச்சி அடுப்பை ஊதுவது, கண்ணில் புகை பட்டுத் துடைப்பது, என்னை அதட்டுவது, எல்லாம் வந்தன. ஆனால் புதுமனை புகுவிழாப் படங்களில் பெரும்பாலானவை வரவில்லை. அவைதான் கார்டில் முதலில் எடுத்தவை. என் பாட்டுகளும் முதல் இடத்திலிருந்தே போய் உட்கார்ந்திருந்தன. தாத்தாவும் அம்மாச்சியும் மாலையும் கழுத்துமாகச் சேர்ந்து நின்ற ஒரே படம் அதில்தான் இருந்ததாம். தாத்தா கேமராவைக் கண்டாலே நகர்ந்து போகிறவர். அந்தப் படம் கிடைக்கவில்லை.

அம்மா திட்டவில்லை. "இதாவது வந்துச்சே" என்றார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒன்றை யோசித்துப் பார்த்தேன். ஃபார்மேட் செய்ததால் அந்தப் படம் போகவில்லை. அதற்குப் பிறகு பாட்டு ஏற்றியதால்தான் போனது. கார்டை அப்படியே வெளியே எடுத்து வைத்திருந்தால் அதுவும் கிடைத்திருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கு!

அழித்தது அழியாது என்பதில் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் எம்ஐடி மாணவர்களான சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலாட் என்ற இருவர் 158 பழைய ஹார்டு டிஸ்க்குகளை வாங்கி ஆராய்ந்தார்கள். விற்றவர்களில் பலர் அழித்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள். ஆனால் 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் அவற்றில் கிடைத்தன! 2003-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. அதனால் மெமரி கார்டையோ பென் டிரைவையோ அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் முழு ஃபார்மேட் செய்யுங்கள்.

போனின் உள் மெமரி மட்டும் இப்படி இல்லை. இப்போதைய ஸ்மார்ட்போன்கள் எல்லாத் தகவலையும் ஒரு ரகசியச் சாவி போட்டுப் பூட்டித்தான் வைக்கின்றன. ஃபேக்டரி ரீசெட் செய்தால் அந்தச் சாவியே போய்விடும். பிறகு எந்த மென்பொருளாலும் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. "கார்டுல வந்துச்சே, போன்லயும் வந்துடும்" என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்!

மறக்காதீங்க!

1. தவறுதலாக அழித்துவிட்டால் கார்டை உடனே வெளியே எடுங்கள். ஒரு படம்கூடப் புதுசாக எடுக்காதீர்கள்.
2. மீட்டதை வேறு இடத்தில் சேமியுங்கள்.
3. போன் கேலரியில் அழித்திருந்தால் முதலில் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். பல போன்களில் 30 நாள் வரை அங்கே இருக்கும்.
4. முக்கியமான படங்களை இரண்டு இடங்களில் வையுங்கள். "அவர் எடுத்திருப்பார்" என்று யாரையும் நம்பாதீர்கள். கேட்டுவிடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் யார் எந்தக் கார்டைக் கொடுத்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, "இதுல என்ன இருக்கு?" என்பதுதான். கேட்க அரை நிமிஷம்கூட ஆகாது. அன்றைக்கு அதைக் கேட்காமல்தான் ஃபார்மேட் பட்டனை அமுக்கினேன்.

நீங்களாவது கேட்டுட்டு அமுக்குங்க, நண்பர்களே!

– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்