எம்.சி.பி.க்குத் தெரியாத சூடு

குளியலறைப் பக்கம் இரண்டு நாளாக ஒரு வாடை, மீன் கருகிய மாதிரி. பக்கத்து வீட்டு அடுப்படி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினோம். மூன்றாம் நாள் கீசர் ஸ்விட்சுக்கு மேலே சுவர் பெயின்ட் பழுப்பேறியிருந்தது. எலக்ட்ரீசியன் தம்பி மெயினை அணைத்துவிட்டு ஜங்ஷன் பாக்ஸ் மூடியைக் கழற்றினார். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று உள்ளே இருந்தது. டேப்பின் பசை உருகி வழிந்திருந்தது, செம்பு கறுத்திருந்தது, ஒயரின் உறை தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது.

"எம்.சி.பி. ஏன் விழலை தம்பி?"

"அதுக்கு இது தெரியாது சார்."

ஏன் தெரியாது?

மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் காவல் ஸ்விட்சுகளில் எம்.சி.பி. பார்ப்பது எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதை. ஆர்.சி.சி.பி. பார்ப்பது மின்சாரம் கசிகிறதா என்பதை. தளர்ந்த ஜாயின்ட் இந்த இரண்டிலும் மாட்டாது.

2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். ஜாயின்ட்டில் ஓர் ஓமில் மூன்றில் ஒரு பங்கு மின்தடை இருந்தாலே அந்த இடத்தில் 25 வாட் வெப்பம் எழும். ஈயம் உருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் வைத்து மூடியதற்குச் சமம். வோல்டேஜ் குறைவது 3 வோல்ட் மட்டுமே, தண்ணீர் எப்போதும்போல் சுடும். சூட்டில் செம்பு களிம்பேறும், தடை இன்னும் கூடும், சூடும் கூடும். அதனால் இங்கே காவல் ஜாயின்ட்டேதான். அதை எப்படிப் போட்டோம் என்பதுதான் கேள்வி.

நான்கு வழிகள்

முறுக்கி டேப் ஒட்டுவது நம் ஊரில் பழகிய வழி. முறுக்கு இறுக்கமா என்பது போட்டவர் கையைப் பொறுத்தது. வெயிலிலும் சூட்டிலும் டேப்பின் பசை விட்டுப்போகும்.

திருகாணி வைத்த ஸ்ட்ரிப் கனெக்டர் அதைவிட மேல். ஆனால் நம் ஒயர்கள் பெரும்பாலும் மெல்லிய இழைகள் சேர்ந்தவை. திருகாணி நேராக அழுத்தினால் இழைகள் நசுங்கும், சில அறுந்தும் போகும். நாளடைவில் பிடி தளரும்.

ஒயரை நேரே குத்திச் செருகும் கனெக்டர் ஒற்றைக் கம்பி ஒயருக்கு ஏற்றது. மெல்லிய இழை ஒயர் அதற்குள் நுழையாமல் மடங்கிக்கொள்ளும்.

நான்காவது லீவர் கனெக்டர். சிறு நெம்புகோலைத் தூக்கி, ஒயரை வைத்து, கீழே அழுத்தினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். ஒற்றைக் கம்பி, இழை ஒயர் இரண்டையும் ஏற்கும். சூட்டில் உலோகம் விரிந்து சுருங்கினாலும் ஸ்பிரிங் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கும். திருகாணியால் முடியாதது இது.

222, 221, போலி

லீவர் கனெக்டர் என்றதும் நினைவுக்கு வருவது ஜெர்மனியின் வாகோ நிறுவனம். அதன் பழைய 222 வரிசை சாம்பல் நிறம், ஆரஞ்சு லீவர். உள்ளே ஒயர் சரியாகப் போனதா என்று பார்க்க முடியாது. 221 வரிசை அளவில் சிறியது, உடல் கண்ணாடிபோல் தெரியும். செம்பு முனை கடைசி வரை போயிருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். நெருக்கமான ஸ்விட்ச் பாக்ஸுக்குள் சிறிய அளவு, உள்ளே தெரியும் உடல் இரண்டுமே பெரிய வசதி.

222 சாயலில் பெயரில்லாத கனெக்டர்கள் ஆன்லைனில் மலிவாகக் கொட்டிக் கிடக்கின்றன. உடலில் தயாரிப்பாளர் பெயர், வோல்ட், ஆம்பியர், ஏற்கும் ஒயர் அளவு அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

221-இன் வழக்கமான அளவில் 32 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அது கனெக்டரின் திறன். உங்கள் ஒன்றரை ஸ்கொயர் (1.5 சதுர மி.மீ.) ஒயர் அவ்வளவு தாங்காது. எம்.சி.பி.யை ஒயருக்குத் தக்கபடிதான் போட வேண்டும்.

போடும்போது

மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். உறையை உரிக்கும் நீளம் வழக்கமான அளவு 221-க்கு 11 மி.மீ. குறைந்தால் பிடி போதாது, கூடினால் செம்பு வெளியே தெரியும். ஒரு துளைக்கு ஒரே ஒயர். லீவர் முழுதும் படிந்த பிறகு ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பாருங்கள். ஜாயின்ட் மூடியுள்ள பாக்ஸுக்குள்தான் இருக்க வேண்டும், சிமென்ட் பூச்சுக்குள் புதைக்கவே கூடாது.

பழைய வீட்டு அலுமினிய ஒயரைச் செம்போடு நேரே முறுக்குவது ஆபத்து. ஈரம் பட்டால் இணைப்பு அரித்துவிடும். அலுமினியத்தை ஏற்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் கனெக்டரை, அவர் சொல்லும் பசையோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

உங்கள் உரிமை

வீட்டு ஒயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதன் கீழுள்ள சி.எம்./எல். எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் அந்த எண் அசலா போலியா தெரிந்துவிடும். ஒயரிங் வேலைக்கு வருபவரிடம் மின்கம்பியாளர் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

வாடகை வீடா? தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை ஒயரிங் பராமரிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. ஸ்விட்ச், பிளக் பாயின்ட் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்குள் கருகும் ஜாயின்ட் முதல் வகை. வாய்வார்த்தையோடு விடாமல் எழுத்தில் தெரிவியுங்கள்.

குறையுள்ள பொருளாலோ அரைகுறை வேலையாலோ சேதம் வந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். தயாரித்தவர், விற்றவர், வேலை செய்தவர் மூவரையும் பொறுப்பாக்க அதில் வழி உண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் பில் வேண்டும். "ஜி.எஸ்.டி. இல்லாமல் குறைத்துத் தருகிறேன்" என்ற கடைக்காரர் பேச்சில் மயங்கினால், குறைந்த காசோடு வழக்கும் போய்விடும்.

எங்கள் வீட்டில் அந்தத் தம்பி கருகிய ஒயரை வெட்டிவிட்டு லீவர் கனெக்டர் போட்டார். மூடியைத் திருகப் போனவரை நிறுத்தி, பாக்ஸின் உள்ளே செல்போனில் ஒரு படம் எடுத்து, பில்லின் படத்தோடு சேர்த்து வைத்தேன். அடுத்து வரும் எலக்ட்ரீசியனுக்கு அது வழிகாட்டி. ஆணையத்தின் படியேற நேர்ந்தால் அதுவே சாட்சி.