நாரைத் தீவின் எதிரே ஒரு நாள்



யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்த என்போன்றோர்க்கு ஆறு என்பது பெரும்பாலும் பாடப்புத்தகத்திற் படித்த பொருளேயாகும். குடாநாட்டில் ஆறு என்ற பெயரைத் தாங்கி நிற்பது வழுக்கியாறு ஒன்றே. அதுவும் மாரிகாலத்தில் மட்டும் ஓடி, அராலிப் பக்கமாகக் கடல்நீரேரியிற் கலந்துவிடும். கோடையில் அதன் படுக்கையில் ஆடுமாடுகள் மேயும். அங்கு ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் ஆற்றின் நெடுக்குவெட்டு முகத்தைக் கரும்பலகையில் வரைந்து, விரைவோட்டம், நீர்வீழ்ச்சி, கழிமுகம் என்று பெயர் குறித்துக் கற்பித்திருக்கிறேன். ஆயினும் விரைவோட்டம் ஒன்றை நான் கண்ணாற் கண்டதில்லை. அதனைக் காண்பதற்கு அகதியாக லாசாலுக்கு வந்து சேரவேண்டியிருந்தது.

சென்ற ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் நமது பாடசாலை மாணவர் சிலரும் பெற்றோரும் ஆசிரியரும் ஆற்றங்கரைச் சுற்றுலா ஒன்றை மேற்கொண்டோம். காலையிற் கரையோர நடைபயணம், மாலையில் தோணிப் பயணம் என்பது ஏற்பாடு. அன்று கண்டவற்றையும் கற்றவற்றையும், என்னைப் பற்றி நானே அறிந்துகொண்ட ஒன்றையும் இங்கு எழுதுகிறேன்.

காற்றாலையும் ஊரின் பெயரும்

லாசால் நெடுஞ்சாலையோரத்திற் கல்லாற் கட்டப்பட்ட கூம்பு வடிவக் காற்றாலை ஒன்று நிற்கிறது. எங்கள் நடை அங்கிருந்து தொடங்கிற்று. இது வில்லியம் பிளெமிங் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 1827ஆம் ஆண்டிற் கட்டிய மாவாலை. அக்காலத்தில் மொன்றியல் தீவு முழுவதற்கும் நிலவுடைமை பெற்றிருந்தோர் சுல்பீசியன் சபைக் குருமார். தீவிலுள்ள குடியானவர் தம் தானியத்தை அவர்களது ஆலையிலேயே அரைத்து, அதற்குரிய பங்கைச் செலுத்தவேண்டும் என்பது சட்டம். தனியார் ஒருவர் ஆலை அமைத்தமை அந்த உரிமைக்கு முரணாயிற்று; ஆகவே வழக்கும் நடந்தது. இன்று அக்குருமாரின் நிலவுரிமையும் இல்லை, மா அரைப்பும் இல்லை. ஆலை மட்டும் லாசாலின் அடையாளமாக நிலைத்து நிற்கிறது.

ஊரின் பெயருக்கும் ஒரு கதையுண்டு. றெனே றொபேர் கவெலியே டி லா சால் என்ற பிரெஞ்சுக்காரர் 1667ஆம் ஆண்டளவில் இக்கரையில் நிலம் பெற்றுக் குடியேறினார். மேற்கே செல்லும் நீர்வழியொன்று சீனாவுக்கு இட்டுச்செல்லும் என்று அவர் நம்பினார். 1669இல் நிலத்தை விற்றுவிட்டு அவ்வழியைத் தேடிப் புறப்பட்டார். சீனாவை அவர் கண்டாரல்லர். ஊரார் அவரைக் கேலிசெய்து, அவர் விட்டுச்சென்ற இடத்துக்குச் சீனா என்றே பெயரிட்டனர். பிரெஞ்சு மொழியில் ‘லா ஷீன்’ என்றாற் சீனா. அயலூராகிய லஷீன் பெற்ற பெயர் இதுவே என்பர். பின்னர் 1682இல் அவர் மிசிசிப்பி ஆற்றின் வழியே அதன் கழிமுகம்வரை சென்று வரலாற்றில் இடம்பெற்றார். கேலிசெய்யப்பட்டவரின் பெயரை ஓர் ஊரும், கேலியையே மற்றோர் ஊரும் தாங்கி அருகருகே இருப்பதைக் கேட்டு மாணவர் சிரித்தனர்.

நீர் ஏன் இரைகிறது?

ஆறு ஓடும் திசையிலேயே கரையோரப் பாதையில் நடந்தோம். சிறிது தூரத்தில் நீரின் இரைச்சல் கேட்கத் தொடங்கிற்று. மார்கழி மாதத்துப் பருத்தித்துறைக் கடல் இரைவதுபோல இருக்கிறதென ஒரு தாயார் கூறினார். விரைவோட்டப் பூங்காவை அடைந்தபோது, அகன்ற ஆறு வெண்ணுரை கக்கிக்கொண்டு பாய்வதை எல்லோரும் கண்டோம்.

ஒன்ராறியோ ஏரியிலிருந்து புறப்படும் சென்ற் லோறன்ஸ் ஆறு, மொன்றியலுக்கு மேற்கே சென் லூயி ஏரியாக விரிகிறது. அங்கே ஒட்டாவா ஆற்றின் நீரும் வந்து சேர்கிறது. காடுகளினூடே வரும் ஒட்டாவா நீர் பழுப்பு நிறமானது. பேரேரிகளிலிருந்து வரும் நீர் தெளிந்த பச்சை நிறமானது. இரண்டும் உடனே கலவாமல் நெடுந்தூரம் அருகருகே ஓடுகின்றன. ஏரியிலிருந்து மொன்றியல் துறைமுகத்தை அடைவதற்குள் ஆறு ஏறத்தாழ 14 மீற்றர் கீழிறங்குகிறது. ஒரு செக்கனுக்குச் சராசரியாக 8,000 கனமீற்றருக்கும் மேற்பட்ட நீர், கடினமான பாறைப் படிகளின் மீது இவ்விறக்கத்தைக் கடக்கவேண்டியுள்ளது. அதனாலேயே இந்த இரைச்சல். அதனாலேயே கடுங்குளிர்காலத்திலும் இப்பகுதி உறைவதில்லை.

இங்கே மாணவர் கவனிக்கவேண்டிய உண்மையொன்றுண்டு. கடலில் அலை நகர்ந்து செல்லும். நீரோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே ஏறியிறங்கும். விரைவோட்டத்தில் இது தலைகீழாக நடக்கிறது. அலை ஓரிடத்திலேயே நிற்கும். நீர் அதனூடாக ஓடிக்கொண்டிருக்கும். நீரின் அடியிலுள்ள பாறை அசையாதிருப்பதால் அதன்மேல் எழும் அலையும் இடம்பெயர்வதில்லை. இந்த நின்ற அலைகளின் மீதுதான் பயிற்சிபெற்ற இளைஞர்கள் பலகையிலும் சிறுதோணியிலும் விளையாடுகின்றனர். பெரும் பாறையொன்றின் பின்புறத்தில் நீர் திரும்பி மேல்நோக்கிச் சுழல்வதையும் கண்டோம். அந்த எதிரோட்டம் தோணிக்காரருக்குத் தங்குமிடம், அறியாதவருக்குப் பொறி. ஆழமறியாமற் காலை விடாதே என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது இத்தகைய நீரைப் பற்றியே எனலாம்.

ஆற்றின் நடுவே தெரிவது நாரைத் தீவு. அது பறவைகளின் புகலிடமாகப் பாதுகாக்கப்படுகிறது. நெடுங்கழுத்துடைய பெரிய நீல நாரையொன்று கரையோர ஆழமற்ற நீரில் அசையாது நின்றது. மண்டைதீவுப் பக்கத்திற் பூநாரை பார்த்த பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு அக்கதையைச் சொல்ல, மதிய உணவு புளிச்சோற்றோடு இனிதே முடிந்தது.

கையை விட்டவனும் விடாதவனும்

உணவின் பின் மரநிழலில் மாணவருக்கு ஒரு வரலாற்றுச் செய்தி கூறினேன். 1535ஆம் ஆண்டு மொன்றியல் மலைமீது ஏறிய ஜாக் கார்த்தியே, கப்பல் மேலே செல்லவியலாதபடி ஆற்றை மறிக்கும் இவ்விரைவோட்டத்தைக் கண்டார். 1611இல் சமுவேல் டி ஷம்ப்ளேன் இங்கு வந்து தங்கியிருந்தபோது நேர்ந்ததொன்றை அவரே எழுதிவைத்துள்ளார்.

அவருடன் வந்த லூயி என்னும் இளைஞன் நாரைத் தீவைப் பார்க்க ஆசைப்பட்டான். ஊத்தத்தூக்கோஸ், சாவிஞோன் என்ற முதற்குடி மக்கள் இருவருடன் தோணியிற் சென்றான். வேட்டையாடிய நாரைகளாற் பாரம் மிகுந்த தோணி, திரும்பும் வழியில் விரைவோட்டத்தில் நிரம்பிக் கவிழ்ந்தது. லூயிக்கு நீந்தத் தெரியாது. தோணியைப் பற்றிக்கொண்டிருந்தவன் நீர் வாரியடித்தபோது கையை விட்டான், மூழ்கி இறந்தான். ஊத்தத்தூக்கோஸ் தோணியை விட்டுக் கரையை நோக்கி நீந்தினார். அவரையும் ஆறு கொண்டுபோயிற்று. சாவிஞோன் மட்டும் தோணியை விடாது பற்றியிருந்தார். எதிரோட்டம் ஒன்றில் தோணி ஒதுங்கியது, அவர் பிழைத்தார். லூயியின் நினைவாகவே இவ்விரைவோட்டத்துக்குச் சென் லூயி என்ற பழைய பெயர் வழங்கிற்று என்று கூறுவர்.

எதிர்க்கரையில் இருப்பது மோஹாக் மக்களின் கானாவாகே. விரைவோட்டத்தின் அருகே என்பதே அப்பெயரின் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் பயணிகளுடன் இவ்வழியே இறங்கியபோது, சுக்கானைப் பிடித்தவர்கள் கானாவாகே மாலுமிகளே. பாறை எங்கே, பாதை எங்கே என்பதை அறிந்தவர்கள் அவர்கள். ஆறு ஒன்றுதான், அறிந்தவருக்கு அது வழி, அறியாதவருக்கு அது முடிவு.

என் அச்சம்

மாலையில் லஷீன் கால்வாய்க்குச் சென்றோம். விரைவோட்டத்தைத் தவிர்த்துக் கப்பல்கள் செல்வதற்காக வெட்டப்பட்டு 1825இல் திறக்கப்பட்ட கால்வாய் இது. நீளம் ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர். இரு பக்கமும் கதவுள்ள பெரிய நீர்த்தொட்டிகளில் நீரை நிரப்பியும் வடித்தும் படகுகளைப் படிப்படியாக ஏற்றியிறக்குவர். 1959இல் சென்ற் லோறன்ஸ் கடல்வழி திறக்கப்பட்டபின் இதன் தேவை குறைந்து, 1970இல் மூடப்பட்டது. 2002இல் பொழுதுபோக்குப் படகுகளுக்காக மீண்டும் திறக்கப்பட்டது.

கால்வாயில் ஓட்டம் இல்லை. கற்போருக்கு ஏற்ற அமைதியான நீர். நான் கரையில் நின்று பார்த்துக்கொள்வதாகவே எண்ணியிருந்தேன். ஆனால் தோணிக்கு ஒரு பெரியவர் இருக்கவேண்டும் என்பது நாங்கள் வகுத்துக்கொண்ட விதி. ஆள் ஒருவர் குறைந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தனர்.

1993ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், என் தாயாருடன் கிளாலிக் கடல்நீரேரியை இரவிற் கடந்தேன். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலம். கயிற்றாற் பிணைத்த வள்ளங்களை முன்னே இயந்திரப் படகு இழுத்துச் செல்லும். விளக்கில்லை; பேச்சில்லை. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அந்நீரேரியிற் பயணிகள் கொல்லப்பட்டிருந்தனர். எங்களில் எவரிடமும் உயிர்காப்பு அங்கி இல்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடியும்வரை தளர்த்தவில்லை. அன்று தொடங்கிய அச்சம் என்னோடு கனடாவுக்கும் வந்தது.

அதனை என் மகளுக்கும் நான் கொடுத்துவிட்டேன். அவள் ஐந்தாம் வகுப்பிற் படித்தபோது, வகுப்பார் தோணிப் பயணம் சென்றனர். அனுமதிப் படிவத்தில் நான் கையொப்பமிடவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று கடிதம் எழுதினேன். பொய் சொல்லலாகாது என்று கற்பித்த கையால் அக்கடிதத்தை எழுதினேன். அவள் அன்று வீட்டில் இருந்து சாளரத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது பதினான்கு வயதாகிவிட்ட அவள், கால்வாய்க் கரையில் உயிர்காப்பு அங்கியை எடுத்துவந்து, “அப்பா, கையை விடுங்கோ, நான் பூட்டிவிடுறன்” என்றாள். அணியத்தில் நானும் பின்புறத்தில் அவளுமாக அமர்ந்தோம். தோணியின் விளிம்பை இறுகப் பற்றியிருந்த என் கைகள் துடுப்பைத் தொடச் சிறிது நேரம் சென்றது. பின்னர் தொட்டன.

பெற்றோர் கவனத்துக்கு

அச்சம் நம் உயிரைக் காத்த காலம் ஒன்றிருந்தது. இந்நாட்டிலோ நீரை அறியாமையே ஆபத்து. கோடையில் நம் இளைஞர் நீரில் மூழ்கி இறந்த செய்திகளை நாம் படித்து வருந்தியிருக்கிறோம். நம் பிள்ளைகள் நாம் தடுத்தாலும் ஒருநாள் நண்பருடன் ஏரிக்குப் போவார்கள். அறிந்து போகட்டும். எனவே இவற்றை மனத்திற் பதித்துக்கொள்க:

தோணியில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டுமென்பது கனடாவின் சட்டம். அது தோணியிற் கிடந்தாற் போதாது. உடலிற் பூட்டியிருத்தல் வேண்டும்.

தோணியில் எழுந்து நிற்கலாகாது. கவிழ்ந்தால் தோணியை விட்டு நீந்த முற்படாது, அதனைப் பற்றிக்கொள்க. சாவிஞோன் பிழைத்தது அவ்வாறே.

வெயில் சுட்டாலும் ஆனி மாதத்து நீர் குளிர்ந்திருக்கக்கூடும். குளிர்நீரில் விழுந்தோர்க்கு ஒன்று, பத்து, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்வர். மூச்சுத் திணறல் அடங்க 1 நிமிடம். கைகால்கள் சொற்கேட்கும் காலம் 10 நிமிடம். உடல்வெப்பம் குறைந்து நினைவு தவற ஏறத்தாழ 1 மணித்தியாலம். ஆகவே முதல் நிமிடத்திற் பதறாமல் மூச்சை அடக்குவதே முதற்பணி.

கனடா உயிர்காப்புச் சங்கம் ஒவ்வொரு பிள்ளையும் கற்கவேண்டியதென வகுத்திருப்பவை மூன்று: ஆழமான நீருக்குள் உருண்டு விழுந்து மேலெழுதல், 1 நிமிடம் இருந்த இடத்திலேயே மிதத்தல், 50 மீற்றர் நீந்துதல். நகர நீச்சற்குளங்களில் நீச்சல் வகுப்புகள் நடைபெறுகின்றன, பெரியோருக்கும் உண்டு.

மொழிப்பாடத்துக்கும் ஒரு சொல். கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ‘கற்றமறான்’ ஆகி உலகெங்கும் மிதக்கிறது. ‘கயாக்’ வடதுருவத்து இனுயிற் மக்களின் சொல். ‘கனூ’ கரிபியத் தீவு மக்களின் சொல். கடலை அறிந்தவர்களின் சொற்களை உலகம் எடுத்துக்கொண்டது. அந்தச் சொல்லைக் கொடுத்த இனத்துப் பிள்ளைகள் நீந்தத் தெரியாதிருக்கலாமோ?

புரட்டாதி மாதம் தொடக்கம் நானும் சனிக்கிழமைக் காலைகளிற் பெரியோர் நீச்சல் வகுப்புக்குச் செல்கிறேன். ஒரு நிமிடம் மிதப்பதற்கு இன்னும் பத்துச் செக்கன் குறைகிறது. மகள் கரையில் நின்று கணக்கெடுக்கிறாள்.