மனையும் லயமும்

வீட்டைப் பெருப்பித்தல் கரையோர நகரத்தார்க்கு இயல்பானதோர் இல்லறக் கருமம். மகள் வளர்ந்தால் ஓர் அறை. மகன் மணஞ் செய்தால் இன்னோர் அறை. கையிற் சிறிது பொருள் சேர்ந்தால் முன்புறத்தில் ஒரு விறாந்தை. யாழ்ப்பாணத்திலாயினும் மட்டக்களப்பிலாயினும் இதற்கு வேண்டுவன பணம், மேசன், உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி ஆகிய மூன்றே என்பர். நான்காவதாகிய நிலத்தை எவரும் எண்ணிச் சொல்வதில்லை. அது முன்னரே உளதாதலின். மலையகத்திலோ அந்த நான்காவதே முதல் வினாவாக நிற்கின்றது.

மனை என்னுஞ் சொல்லை நோக்குக. அது வீட்டையும் குறிக்கும், வீடு அமைதற்குரிய நிலத்தையும் குறிக்கும், இல்லாளையும் குறிக்கும். நிலம், கட்டடம், வாழ்க்கை ஆகிய மூன்றையும் நம் முன்னோர் ஒரு சொல்லில் அடக்கினர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனை வகுக்கப்பட்ட முறையை நக்கீரர் விரித்துரைக்கின்றார். நண்பகலிற் கோலின் நிழல் கொண்டு திசை துணிந்து, நூல்வல்லார் கயிறு பிடித்து மனை வகுத்தனர் என்பது அங்குப் பெறப்படுஞ் செய்தி. இப்பகுதியை மாணவர்க்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் தோட்டத்து லயங்களே என் நினைவுக்கு வருகின்றன. அங்கே கயிறு பிடித்தவர் வேறு, குடியிருந்தவர் வேறு.

வரிசை எனப் பொருள்படும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல், தொழிலாளர் நாவில் லயன் ஆகிப் பின் லயம் ஆயிற்று. இசைவாணர்க்கு லயம் தாளத்தின் ஒழுங்கு. தோட்டத்தார்க்கோ ஒரே கூரையின்கீழ்த் தொடரும் காம்பராக்கள். ஒரு காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே சிறியதோர் இஸ்தோப்பு. இருபக்கச் சுவரும் அயலாருக்கும் உரியனவாதலின் விரிதற்கு இடமில்லை. மணமான மகனுக்கு இடம் வேண்டின், இஸ்தோப்பைப் பலகையால் அடைப்பர். அடுப்பைப் பின்புறத் தகரக் கொட்டிலுக்கு மாற்றுவர். அதற்கும் தோட்ட நிருவாகத்தின் இசைவு வேண்டும். பட்டிப்பொல, இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம். கடல் மட்டத்திலிருந்து 1,890 மீற்றருக்கு மேற்பட்டது. அவ்வூர்க் குளிரை அறிந்தவர், பலகைச் சந்தினூடே பனிக்காற்றுப் புக ஓர் இளங்குடும்பம் இரவைக் கழித்தல் எத்தகையது என்பதை உணர்வர்.

இவ்விட நெருக்கடி உடலை மாத்திரம் வருத்துவதன்று. ஒரே அறையிற் குடும்பம் முழுவதும் உறங்க நேர்வதால் விளையும் மானக்கேட்டைத் தெளிவத்தை ஜோசப் ‘மீன்கள்’ என்னுஞ் சிறுகதையாக்கினார். சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்றே பெயரிட்டார். மலையக இலக்கியத்தில் வீடு பின்னணி மாத்திரமன்று. அதுவே வினாவாகவும் அமைகின்றது.

இந்நிலைக்குக் காரணம் வறுமை ஒன்றே எனல் பொருந்தாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடஞ் சென்றது. தலைவர் மாறினரேயன்றிக் காம்பராவில் வாழ்ந்தவன் அதற்கு உரியவனாகவில்லை. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புக்களுக்குத் தாராளமாகப் பணிசெய்தற்கு 1987ஆம் ஆண்டின் சட்டம் தடையாயிருந்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது.

இப்போது தனிவீடுகள் எழுகின்றன. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகள் மலையகத்திற்கு ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வுட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒரு குடும்பத்திற்கு ஏழு பேர்ச்சஸ் நிலம். அதில் 550 சதுர அடி வீடு. ஏழு பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,906 சதுர அடி. எஞ்சுவது 1,350 சதுர அடிக்குச் சற்று மேல். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் தலைமுறைகளைக் கழித்தோர்க்கு இது பெரும்பேறே.

ஆயினும் மலைச்சரிவில் அவ்வெஞ்சிய நிலம் முழுவதும் கட்டுதற்கு உரியதன்று. அறை வேண்டுமென்று மேற்புற மண்ணைச் செங்குத்தாக வெட்டுதல் கேட்டை விலைகொடுத்து வாங்குதலாகும். 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறத்தல் ஆகாது. ஆதலின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தை முதலிற் கேட்க. அடுத்து மழைநீர் வடிதற்குக் கான் வெட்டுக. புகை வெளியேறும் வழியுடன் அடுக்களையைப் பிரிக்க. பிள்ளை இருந்து படித்தற்கு, வெளிச்சம் விழும் ஒரு மூலையேனும் விடுக. பின்னர் எடுக்கும் அறைக்கு இன்றே இடங்குறித்து வைப்பது திட்டமிடுதலின் தலையாய பயன்.

இத்தனையும் செய்யத் துணிவு வேண்டும். காணி உறுதி கையில் இல்லாதவன் சுவர் எழுப்ப அஞ்சுவான். வங்கியும் அவனுக்குக் கடன் கொடுக்கத் தயங்கும். வீடு பெற்றும் உறுதி பெறாதார் இன்னும் உளர். கல்லும் சீமெந்தும் கொடுத்தோர் அவ்வொரு தாளையும் கொடுத்தல் வேண்டும். அதன் பின்னர்த் தன் மனைக்குத் தானே கயிறு பிடிக்க மலையகத்தான் அறிவான். மலையைத் திருத்தித் தேயிலை நட்டவன் அவனன்றோ!