எறும்பு எதைத் தேடி வருகிறது?

மானாவாரி நிலத்தில் எள் விதைத்து ஒரு வாரம் ஆகிறது. மண்ணில் ஈரம் இருக்கிறது. விதையும் நல்ல விதைதான். ஆனால் வயலின் ஒரு மூலையில் மட்டும் முளைப்பைக் காணோம். விதை மட்டம் என்று விற்றவரை நொந்துகொள்கிறார் உழவர். அந்த மூலையில் சற்றுக் குனிந்து பார்த்தால் உண்மை புரியும். வரப்போரம் ஓர் எறும்பு வளை. அதன் வாயைச் சுற்றி வட்டமாகத் தோலும் உமியும் குவிந்து கிடக்கும்.

பக்கத்துத் தோட்டத்தில் வேறு காட்சி. கொய்யா மரத்தில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. இரண்டு தடவை மருந்து தெளித்தாயிற்று. சில வாரங்களில் மறுபடியும் வந்துவிட்டது. அடிமரத்தைப் பார்த்தால் மேலும் கீழுமாக ஓயாத எறும்புச் சாரை.

இரண்டு இடத்திலும் எறும்புதான். ஆனால் வந்த காரியம் வேறு. முதலாவது தானியத்துக்கு வந்தது. இரண்டாவது இனிப்புக்கு வந்தது. இந்த வேறுபாட்டை அறியாமல் இரண்டுக்கும் ஒரே மருந்தைத் தூவினால் காசும் வீண். பயிருக்கு நன்மை செய்யும் பூச்சிகளும் மடியும். எறும்பால் தொல்லை என்றால் உழவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "அது இங்கே எதைத் தின்கிறது?" என்பதுதான்.

உழைப்பவனுக்கு இனிப்பு, குஞ்சுக்குப் புலால்

வளர்ந்த எறும்பின் இடுப்பு நூல்போல் மெலிந்தது. உணவு அந்த வழியாகத்தான் வயிற்றுக்குள் போகவேண்டும். ஆகையால் அது திரவ உணவையே விழுங்குகிறது. திடப்பொருளை வாயிலேயே வடிகட்டித் துப்பிவிடுகிறது. வெளியே அலைந்து உழைக்கும் எறும்புக்குத் தேவை சர்க்கரைச் சத்து. வளையில் இருக்கும் புழுப்பருவக் குஞ்சுகளுக்கும் முட்டையிடும் ராணிக்கும் தேவை புரதச் சத்து. எனவே ஒரே வளையைச் சேர்ந்த எறும்புகள் ஒரு நாள் வெல்லத்தையும் மறுநாள் செத்த புழுவையும் தேடிப் போவதில் வியப்பில்லை.

எறும்புக்கு வயிறு இரண்டு என்றே சொல்லலாம். ஒன்று தனக்கு, மற்றொன்று ஊருக்கு. ஊருக்கான பையில் நிரப்பிக்கொண்டு வந்த திரவத்தை வளையில் உள்ளவற்றுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறது. இரை கண்ட எறும்பு திரும்பும்போது தரையில் ஒருவகை வாசனைப் பொருளைத் தடவிக்கொண்டே வருகிறது. அந்த வாசனையைப் பிடித்து மற்றவை போகின்றன. இரை உள்ளவரை தடம் புதுப்பிக்கப்படும். இரை தீர்ந்தால் தடமும் மறைந்துவிடும். சாரையை மட்டும் அழித்தால் சற்று நேரத்தில் மறு சாரை உண்டாகும். இரையை நீக்கினால்தான் சாரை நிற்கும்.

வயலின் துப்புரவாளன்

வயலில் செத்து விழும் பூச்சி, புழு, நத்தை எதுவானாலும் எறும்பு விட்டுவைப்பதில்லை. துண்டு துண்டாக்கி மண்ணுக்குள் கொண்டுபோகிறது. அந்தக் கழிவு மண்ணுக்கு உரமாகிறது. வளைகளின் துவாரங்கள் வழியே காற்றும் மழைநீரும் மண்ணில் இறங்குகின்றன.

செத்தவற்றை மட்டுமல்ல, உயிருள்ளவற்றையும் எறும்பு வேட்டையாடும். பூச்சிகளின் முட்டைகளையும் இளம் புழுக்களையும் தூக்கிப்போகும். பழ ஈயின் புழு காயைவிட்டு விழுந்து மண்ணில் கூட்டுப்புழுவாக மாறப்போகும் வேளையில் எறும்புக்கு இரையாகிறது. மா, முந்திரி மரங்களில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு, முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசுவைப் பிடித்துத் தின்கிறது. சீனாவில் ஆரஞ்சுத் தோட்டங்களுக்காக இந்த எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றதாக கி.பி. 304ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படும் ஒரு சீன நூல் குறிப்பிடுகிறது. ஆயினும் முசுறும் இனிப்பை விரும்பும் எறும்புதான். செதில் பூச்சிகளையும் அது காக்கும். பழம் பறிப்பவரையும் கடிக்கும். ஆகவே மரத்துக்கு மரம் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

விதையைத் தூக்கும் எறும்பு

தானியம் சேர்க்கும் எறும்புகள் புல் விதை, கேழ்வரகு, எள் போன்ற சிறு விதைகளை வளைக்குள் சேமிக்கின்றன. மழையில் நனைந்துவிட்டால் வெயில் வந்ததும் வெளியே கொண்டுவந்து உலர்த்துகின்றன. தென்னிந்திய எறும்புகளைப் பற்றி 1851இல் சென்னையில் வெளியான கட்டுரையில் ஜெர்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், தோட்டங்களில் விதைத்த முள்ளங்கி, கேரட், தக்காளி விதைகளை எறும்புகள் எடுத்துச் செல்வதையும், விதைத் தொட்டிகளைத் தொங்கவிட்டுக் காக்கவேண்டியிருந்ததையும் எழுதியிருக்கிறார்.

முன்பு நாற்றங்காலைச் சுற்றிப் பி.எச்.சி. தூளைத் தூவுவது வழக்கம். அந்த மருந்து 1997இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய டப்பா எங்காவது கிடந்தாலும் அதைத் தொடக்கூடாது. மருந்தில்லாத வழிகள் உண்டு. விதைப்பதற்கு முன் வயலைச் சுற்றிவந்து வளைகளைக் குறித்துக்கொள்ளலாம். போதிய ஈரத்தில் விதைத்து உடனே மண் மூடினால் விதை சீக்கிரம் முளைக்கும். முளைத்துவிட்டால் அந்த எறும்புக்கு அது வேண்டாம். குழித்தட்டுகளை மேசைமேல் வைத்து, மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம். வளையருகே நொய்யரிசியைத் தூவி எறும்பின் கவனத்தைத் திருப்பும் உழவர்களும் உண்டு.

மாவுப்பூச்சிக்கு மேய்ப்பன்

அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி ஆகியவை செடியின் சாற்றை உறிஞ்சுபவை. அந்தச் சாற்றில் சர்க்கரை மிகுதி. புரதத்துக்கான சத்தோ குறைவு. தேவையான சத்தைப் பெற அவை ஏராளமாகச் சாறு குடிக்கவேண்டும். மிஞ்சிய சர்க்கரையைத் தேன் போன்ற கழிவாக வெளியேற்றுகின்றன. இலையில் பிசுபிசுப்பாக ஒட்டுவதும், அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து இலையை மூடுவதும் இதனால்தான்.

இந்தத் தேனுக்காகவே எறும்பு மரம் ஏறுகிறது. இடையன் மந்தையைக் காப்பதுபோல மாவுப்பூச்சியைக் காக்கிறது. அதைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது. அதன் உடலில் முட்டையிட வரும் சிறு குளவியை நெருங்கவிடுவதில்லை. சில வகை எறும்புகள் இளம் பூச்சிகளைப் புதுத் தளிருக்குத் தூக்கிச் சென்று குடியேற்றவும் செய்கின்றன.

2008இல் கோவைப் பகுதியில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பல பயிர்களை அழித்ததை உழவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதை அடக்கியது 2010இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒரு சிறு குளவி. அத்தகைய நண்பனை மரத்துக்கு வரவிடாமல் தடுக்கும் காவல்காரன்தான் எறும்பு. காவல்காரனை இறக்கிவிட்டால், மாவுப்பூச்சியைப் பொறிவண்டும் குளவியும் எளிதில் நெருங்கும்.

இதற்குச் செலவு அதிகமில்லை. தரையைத் தொடும் கிளைகளையும், பக்கத்து மரத்தோடு உரசும் கிளைகளையும் வெட்டிவிடவேண்டும். அடிமரத்தில் பிளாஸ்டிக் தாளை இறுகச் சுற்றிக் கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவவேண்டும். பட்டையில் நேராகக் கிரீஸ் தடவினால் பட்டை கெடும். தூசி படிந்ததும் புதிதாகத் தடவவேண்டும். ஒரே ஒரு கிளை பாலமாக அமைந்தாலும் எல்லாப் பாடும் வீண்.

கரந்தமலை தரும் பாடம்

2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைக் காட்டை ஒட்டிய சிற்றூர்களில் மஞ்சள் நிறப் பித்தெறும்புகள் பெருகின. இவை கடிப்பதில்லை, எரிச்சலூட்டும் அமிலத்தைப் பீய்ச்சுகின்றன. ஆடு மாடுகளின் கண்கள் பாதிக்கப்பட்டதாகவும், காட்டோரம் மேய்ச்சலுக்குப் போக முடியவில்லை என்றும் உழவர்கள் முறையிட்டனர். இந்த எறும்பு எதையும் தின்னும். அதன் பெருக்கத்துக்கு ஊட்டம் தருவதில் சாறு உறிஞ்சும் பூச்சிகளின் தேனுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதே எறும்பு இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவின் செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. ஆண்டுக்கணக்கில் நச்சு இரை இட்டும் எறும்பு திரும்பத் திரும்பப் பெருகியது. கடைசியில் 2016 டிசம்பரில் அங்குள்ளோர் வேறு வழியில் இறங்கினர். எறும்புக்குத் தேன் தரும் செதில் பூச்சியை அழிக்கும் ஒரு சிறு குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டனர். எறும்பை அடிப்பதைவிட அதன் உணவை அடிப்பது என்பதே அந்த முயற்சியின் கருத்து.

நான்கு இரைச் சோதனை

தம் வயலில் உள்ள எறும்பு எந்த வகை என்பதை உழவரே கண்டறியலாம். நான்கு அட்டைத் துண்டுகளில் தனித்தனியே சிறிது வெல்லம், கருவாட்டுத் துண்டு, தேங்காய்ச் சில்லு, கேழ்வரகு வைத்துக் காலை வேளையில் நிழலில் ஓரடி இடைவெளியில் வைக்கவேண்டும். அரை மணி கழித்து எதில் கூட்டம் அதிகம் என்று பார்க்கவேண்டும். குஞ்சுகளின் தேவைக்கேற்ப எறும்பின் நாட்டம் மாறும் என்பதால் சில நாள் விட்டு மறுமுறையும் பார்ப்பது நல்லது.

கேழ்வரகில் கூடினால் விதைக்கும் நாற்றங்காலுக்கும் காவல் தேவை. கருவாட்டிலும் தேங்காயிலும் கூடி, விதையையும் மரத்தையும் நாடாமலிருந்தால் அது துப்புரவாளன், விட்டுவிடலாம். வெல்லத்தில் கூடி மரத்திலும் சாரை இருந்தால் மேலே மாவுப்பூச்சியையோ அசுவினியையோ தேடவேண்டும்.

வெல்லத்தை நாடும் எறும்பு மிகுந்த தொல்லை தந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 250 கிராம் சர்க்கரையும் 10 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பஞ்சில் நனைத்து, எறும்பு மட்டும் நுழையும் சிறு துளைகள் இட்ட மூடிய டப்பாவில் வைக்கலாம். அளவைக் கூட்டக்கூடாது. கூட்டினால் எறும்பு வழியிலேயே சாகும். குறைவாக இருந்தால்தான் வளைக்குக் கொண்டுபோய் ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். டப்பா குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் இருக்கவேண்டும்.

கொய்யா மரத்து உழவர் மூன்றாவது தெளிப்புக்குப் பணம் எடுப்பதற்கு முன் ஒரு நாள் காலையில் அடிமரத்தருகே கால்மணி நேரம் நின்று பார்க்கட்டும். மேலே ஏறும் எறும்பின் வயிறு ஒட்டியிருக்கும். இறங்கும் எறும்பின் வயிறு தேன் நிரம்பிப் பளபளக்கும். மருந்து எங்கே தேவை, கிரீஸ் எங்கே தேவை என்பதை அந்த வயிறே சொல்லிவிடும்.