குளிர்ந்த ஊரின் வெயில்

நான் வைத்தியர் இல்லை, துணி வியாபாரி. திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பெங்களூரில் கடை வைத்தவன். இந்த விஷயத்தைப் படிக்க வைத்தது எங்கள் வீட்டில் நடந்த ஒன்று.

பேத்தி பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டப் பயிற்சிக்குப் போய்க் கறுத்துவிட்டாள். "பெங்களூர் வெயிலுக்கா இப்படிக் கறுத்தே?" என்று வீட்டுப் பெண்கள் அங்கலாய்த்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்கித் தடவினார்கள். முதலில் வெளுத்தது. இரண்டு மாதத்தில் முகம் சிவந்து, எரிந்து, பருக்கள் கிளம்பின. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, "இது ஸ்டீராய்டு களிம்பு" என்றார். இவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நாங்கள் கேட்கவுமில்லை, கடைக்காரர் சொல்லவுமில்லை.

நம்மவர்களிடம் மூன்று தப்பெண்ணங்கள் உண்டு.

முதலாவது, ஊர் குளிர்ச்சி, வெயில் ஒன்றும் செய்யாது என்பது. தோலைக் கறுக்க வைப்பது சூடு அல்ல, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே 13 பாகை அட்சரேகையில் இருப்பவை. உச்சிச் சூரியன் இரண்டுக்கும் ஒன்றுதான். பெங்களூரோ கடல் மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர். 1000 மீட்டர் ஏறினால் இக்கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெல்லிய மேகமும் அதைத் தடுக்காது. சென்னையில் சூடு நம்மை நிழலுக்கு விரட்டுகிறது. இங்கே இதமான காற்றில் நின்றுகொண்டே இருக்கிறோம்.

இரண்டாவது, கறுத்தது அழுக்கு, தேய்த்தால் போகும் என்பது. அது அழுக்கல்ல. கதிர் தாக்கியதும் தோல் தன் உயிரணுக்களின்மேல் பிடிக்கும் குடை. மெலனின் என்று பெயர். வெயிலைக் குறைத்தால் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், தானே மங்கும். எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமே வரலாம்.

மூன்றாவது, நாம் கறுப்பு, நமக்கென்ன என்பது. மெலனின் நல்ல காவல்தான். வெள்ளையரைவிட நமக்குத் தோல் புற்றுநோய் குறைவு. ஆனாலும் கன்னத்து மங்கு வெயிலால் முற்றும், சுருக்கமும் சீக்கிரம் விழும்.

மேல்நாட்டில் நிலைமை நேர்மாறு. கறுப்பதுதான் அழகென்று விளக்குப் படுக்கையில் படுக்கிறார்கள். அது புற்றுநோய் தரும் என்று 2009-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது.

செய்ய வேண்டியது எளிது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று தெரிந்தால் கதிரும் நுழையும். மெல்லிய வெள்ளை மல்லைவிட நெருக்க நெசவான அடர்நிறத் துணி மேல். மூடாத இடத்துக்கு சன்ஸ்கிரீன். முகத்துக்கு எந்தக் களிம்பானாலும் மருத்துவரைக் கேளுங்கள். ஏற்கெனவே ஸ்டீராய்டு தடவுகிறவர்கள் சட்டென்று நிறுத்தாமல் அவரிடம் போங்கள்.

சங்கப் புலவர்கள் மாந்தளிர் நிறமான மாமையை அழகென்றார்கள். வெளிறிப்போவதைப் பசலை என்று நோயாகவே பாடினார்கள். நம் பெண் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமே.

பேத்தி முகம் தெளிய எட்டு மாதமாயிற்று. இப்போ முழுக்கை போட்டுக்கொண்டு, வெயில் ஏறுமுன் காலையிலேயே ஓடப் போகிறாள்.