துருவும் பழைய மகிழுந்தும்

பழைய மகிழுந்தின் கதவோரத்தில் வண்ணப்பூச்சு சிறு கொப்புளமாக எழும்பியிருப்பதைக் காணலாம். அதனைச் சுரண்டிவிட்டு மேலே வண்ணம் பூசுவோர் பலர். சில மாதங்களில் கொப்புளம் மீண்டும் தோன்றும். துரு புறத்தே தெரியுமுன் அகத்தே பரவியிருப்பதே இதற்குக் காரணம்.

இரும்பு, நீருடனும் ஆக்சிஜனுடனும் வினைபுரிந்து நீரேறிய இரும்பு ஆக்சைடாக மாறுவதே துருப்பிடித்தல் ஆகும். கடலோர ஊர்களின் உப்புக்காற்று இவ்வினையை விரைவுபடுத்தும். அலுமினியத்தின் மீது உருவாகும் ஆக்சைடு படலம் அவ்வுலோகத்தைக் காக்கிறது. துருவோ நுண்துளைகள் உடையது. தான் தோன்றிய இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைப்பது. எனவே, அது பூச்சைத் தூக்கி உதிர்வதோடு, அடியிலுள்ள இரும்பையும் ஈரத்திற்கு ஆட்படுத்துகிறது.

கதவின் அடியிலுள்ள வடிதுளைகள் மண்ணால் அடைபடுதல், கால்விரிப்பின் கீழ் ஈரம் தங்குதல், சக்கர வளைவில் சேறு படிதல் ஆகியவற்றால் துரு தொடங்கும். நீர் தங்கும் இடத்தைச் சீர்செய்வதே முதற்பணி.

மேற்பரப்பில் மட்டும் படிந்த துருவை, உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, காலந்தாழ்த்தாது அடிப்பூச்சும் வண்ணமும் பூச வேண்டும். தகடு துளைபட்டிருப்பின் பட்டி வைத்து மூடுதல் தீர்வாகாது. அரிக்கப்பட்ட பகுதியை வெட்டி நீக்கிப் புதிய தகட்டைப் பற்றவைத்து, அதன் உட்புறத்திற்கும் காப்புப்பூச்சு இடுதல் வேண்டும்.

அடிச்சட்டத்தைத் துரு அரித்துவிட்டால், மோதலின்போது அச்சட்டம் பயணியரைக் காக்கும் வலிமையை இழந்துவிடும். அந்நிலையில் துரு, அழகுக்கு நேர்ந்த குறையன்று. உயிருக்கு நேரும் இடர். வண்ணம் துருவை மறைக்கும், தடுத்து நிறுத்தாது.