குடியை நிறுத்த ஒரு கூட்டம்... கட்டணமும் இல்லை, பதிவேடும் இல்லை!

சம்பாவுக்கு நாற்று விடும் நேரம். டெல்டா மாவட்டம் ஒன்றில், விதைநெல் வாங்க வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு ஒரு பெண் வந்திருந்தார். வழக்கமாக வருகிறவர் அவருடைய கணவர்தான். மூன்று ஏக்கர் நெல்லும் இரண்டு கறவை மாடும் உள்ள குடும்பம். "மாப்ள வரலையாம்மா?" என்று வரிசையில் நின்ற பெரியவர் கேட்டார். "அவர்கிட்ட காசு கொடுத்தா விதை வீட்டுக்கு வராது சித்தப்பா" என்றார் அந்தப் பெண்.

முந்தைய ஆண்டு பயிர்க்கடன் பணத்தோடு உரம் வாங்கப் போனவர், மூன்று நாள் கழித்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். தூர் கட்டும் பருவத்தில் மேலுரம் இல்லாமல் பயிர் வெளிறி நின்றது. கோயிலில் கயிறு கட்டிப் பார்த்தார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாள் தொடமாட்டார். மாலையைக் கழற்றிய அன்றே தொடங்கிவிடுவார்.

யாரோ சொன்னார்கள் என்று, அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்க ஒரு மாத்திரையும் வாங்கி வந்திருக்கிறார் மனைவி. நல்லவேளை, கலக்கவில்லை. இப்படி விற்கப்படுவதில் டைசல்பிராம் என்ற மருந்தும் உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் இறங்கும், உயிரே போகலாம். குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தினமும் அதிகமாகக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு முதல் இரண்டு நாளில் வலிப்பும், அதன்பின் பிதற்றலும் வரும். இவருக்கும் வந்தது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று இரவெல்லாம் தட்டிக்கொண்டிருந்தாராம். பேய் பிடித்துவிட்டது என்று கிளம்பியவர்களைத் தடுத்து, மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனது மைத்துனர். மனநலப் பிரிவில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அங்கிருந்த ஆலோசகர்தான் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். "அங்க போனா ஊர்ல யாராவது பார்த்துடுவாங்களே?" என்றிருக்கிறார் இவர். "கடை வாசல்ல நின்னப்ப எல்லாரும் பார்த்தாங்களே, அப்ப என்ன பண்ணீங்க?" என்றாராம் ஆலோசகர்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. தொழில் விஷயமாக வந்த இடத்தில் காரியம் கெட்டு, மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்த பங்குத் தரகர் ஒருவர், பேச்சுத் துணைக்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். அந்த இருவர் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் இது. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. இன்றைக்கும் அங்கே நடப்பது அதே பேச்சுதான்.

அவர் போன கூட்டம் 22 கிலோமீட்டர் தள்ளி, டவுனில் ஒரு பள்ளி அறையில் நடக்கிறது. முதல் வாரம் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் உள்ளேயிருந்து ஒருவர் வந்து, "வாங்க தம்பி, உக்காருங்க. பேசணும்னு கட்டாயம் இல்ல" என்று அழைத்துப்போனார். கொத்தனார், ஓய்வுபெற்ற வாத்தியார், ஆட்டோ ஓட்டுநர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்து, தன் கதையைச் சொல்கிறார்கள். யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. ஒருவர், மனைவியின் தோட்டை அடகு வைத்ததைச் சொன்னபோது இவர் தலை குனிந்துகொண்டார். நாலாவது வாரம்தான் வாய் திறந்தாராம்.

கட்டணம் கிடையாது. விருப்பப்பட்டவர்கள் டீச் செலவுக்கும் அறை வாடகைக்கும் கொடுப்பதுதான். முகவரி கேட்க மாட்டார்கள். சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. கடவுளைப் பற்றிய பேச்சு வரும். ஆனால், எந்த மதத்துக்கும் உரியதல்ல. திறந்த கூட்டம் என்றால் வீட்டாரும் கூடப் போகலாம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் கூட்டமும் உண்டு. அவர் வரமாட்டேன் என்றாலும் மனைவி மட்டும் அதற்குப் போகலாம்.

அறுவடையின்போது அவர் ஒரு முறை சறுக்கினார். வேலை முடிந்ததும் கூலியோடு குவார்ட்டருக்குக் காசு கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கொடுக்கிற நில உடைமைக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்தக் காசைக் கூலியிலேயே சேர்த்துக் கொடுத்தால் என்ன? மறுநாள் காலையில் அவர் கூட்டத்து வாத்தியாருக்குப் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க" என்று மட்டும் சொன்னாராம் வாத்தியார். போனார், முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார். இந்த வருஷம் மேலுரம் நேரத்துக்குப் போய்விட்டது. பால் பணம் மட்டும் இன்னும் மனைவி கையில்தான். அது அப்படியே இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

குடி உள்ள வீட்டில் பூச்சிமருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். நிறுத்திய முதல் வாரங்களில் மனச்சோர்வு வரலாம். அப்போதும் இதே கவனம் வேண்டும்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, போதை மீட்பு மையத்திலோ கேட்கலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு, 24 மணி நேரமும் இலவசமாக இயங்கும் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். விசாரிக்கும்போது தமிழில் நடக்கும் கூட்டமா என்றும், எத்தனை மணிக்கு முடியும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கிராமத்துக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு டவுன் பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்பது, முதல் மாதங்களில் அவர்களுக்கு நல்லதல்ல.